கோலாலம்பூருக்கு மருந்தோடு வந்த ஜோசப் ஸ்மேடல்

போன விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் புக்கிட் மெர்தாஜாம் போய், செரோக் தொக்குன் மலை ஏறினோம். இறங்கி வந்ததும் எல்லாரும் காலுறையைக் கழற்றி அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்தோம். ஒருவனுக்கு இரண்டு அட்டை. அதைப் பிடுங்கிப் போட்டுச் சிரித்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டோம். அட்டையைவிடப் பல மடங்கு சின்னதாக, கண்ணுக்கே தெரியாத ஒன்று புல்லிலிருந்து காலில் ஏறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த செமஸ்டரில் நுண்ணுயிரியல் வகுப்பில் விரிவுரையாளர் பழைய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றிப் பேசினார். குளோரம்ஃபெனிகால் என்ற மருந்துக்கு நேரே திரையில் கோலாலம்பூர், 1948 என்று இருந்தது. அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து என்றே பார்த்துப் பழகிய பட்டியலில் நம் ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் போனேன். அப்படித்தான் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மருத்துவ ஆராய்ச்சி உலகில் பெரிய பெயர். அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பகுதி மலாயாவில் நடந்தும், நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது.

முதலில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ஸ்க்ரப் டைபஸ். புதர்க் காய்ச்சல் என்று சொல்லலாம். இதைப் பரப்புவது ஒருவகைச் சிற்றுண்ணி. அதன் வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் அது மிருகங்களைக் கடிக்கும். அதுவும் ஒரே ஒரு முறை. பெரும்பாலும் எலியைக் கடிக்கும், நாம் குறுக்கே போனால் நம்மையும் கடிக்கும். அதன் உடம்பில் இருக்கும் பாக்டீரியா அப்போது நமக்குள் வந்துவிடும். இந்தப் பாக்டீரியா தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. அதனால் ஒரு புல்வெளியில் நோய் ஒருமுறை வேரூன்றிவிட்டால் லேசில் அந்த இடத்தைவிட்டுப் போகாது. கடித்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போல் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். மருந்து இல்லாத காலத்தில் இடத்தைப் பொறுத்து, நோய் கண்டவர்களில் மூன்றில் ஒருவர்கூட இறந்திருக்கிறார்கள்.

ஜப்பானியர்களுக்கு இந்த நோய் நெடுங்காலமாகத் தெரியும். ட்சுட்சுகாமுஷி என்பது அவர்கள் வைத்த பெயர். மலாயாவில் அது பெரிதாக வெளியே தெரிந்தது 1920களில், செம்பனைத் தோட்டங்கள் பரவத் தொடங்கியபோது. காட்டை அழித்த இடத்தில் லாலாங் புல் முளைக்கும். உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வரும். எலியோடு உண்ணியும் வரும். அந்தப் புல்லை வெட்டியவர்களும் பழம் பொறுக்கியவர்களும் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். இந்த நோயின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் லாலாங் காட்டுக்குள் உட்காராதே, காய்ச்சல் வரும் என்று அவருடைய அம்மா திட்டியது மட்டும் நினைவிருக்கிறதாம்.

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தொடங்கப்பட்டது. ஸ்மேடல் வருவதற்கு முன்பே அங்கே இந்த நோயைப் பற்றி நிறைய வேலை நடந்திருந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு தற்செயல். டைபஸ் காய்ச்சலைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் நோயாளியின் இரத்தத்தைப் புரோட்டியஸ் என்ற ஒரு பாக்டீரியாவோடு கலந்து பார்ப்பார்கள். திரண்டு வந்தால் டைபஸ். கழகத்தில் இந்தப் பாக்டீரியாவின் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது. இன்னொன்றைக் கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்றே நினைத்திருந்தார்கள். வில்லியம் ஃபிளெட்சரும் அவருடைய சகாக்களும் சோதித்தபோது, பட்டணத்து நோயாளிகளின் இரத்தம் வார்சா வகையைத் திரட்டியது. தோட்டத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தவர்களின் இரத்தம் கிங்ஸ்பரி வகையைத் திரட்டியது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு ரேமண்ட் லூத்வைட்டும், கழகத்தில் பணியாற்றிய எஸ்.ஆர். சவூரும் பல ஆண்டுகள் உழைத்து, மலாயாவின் நாட்டுப்புற டைபஸும் ஜப்பானின் ட்சுட்சுகாமுஷியும் ஒரே நோய்தான் என்று 1940இல் எழுதினார்கள்.

அந்த நேரத்தில் ஸ்மேடல் நியூயார்க்கில் இருந்தார். 1907இல் இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1931இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் சேர்ந்தார். அம்மைப்பால் வைரஸ், கிளிக் காய்ச்சல் ஆகியவற்றில் வேலை செய்தார். உலகப்போர் வந்தது, 1942இல் இராணுவச் சீருடை போட்டுக்கொண்டார். போர் முடிந்தபின் வாஷிங்டனில் இராணுவ மருத்துவப் பள்ளியில் வைரஸ், ரிக்கெட்சியா நோய்ப் பிரிவுக்குத் தலைவரானார். ரிக்கெட்சியா என்பது டைபஸ் வகை நோய்களைத் தரும், உயிரணுவுக்கு உள்ளேயே வாழும் சிறு பாக்டீரியாக் குடும்பம்.

போரில் புதர்க் காய்ச்சல் நேச நாட்டுப் படைகளை மோசமாக அடித்திருந்தது. பர்மாவிலும் நியூகினியிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் படுத்தார்கள். துப்பாக்கிக்குத் தப்பியவன் புல்லில் படுத்து எழுந்து செத்தான். அதனால் தடுப்பூசி வேண்டும் என்று பல நாடுகளில் அவசர அவசரமாக வேலை நடந்தது. மெல்பர்னில் டோரா லஷ் என்ற பெண் விஞ்ஞானி 1943 ஏப்ரலில் ஒரு எலிக்கு இந்தக் கிருமியைச் செலுத்திக்கொண்டிருந்தபோது ஊசி அவருடைய விரலில் குத்திவிட்டது. மருந்து கிடையாது. அடுத்த மாதமே இறந்துபோனார். வயது 32. பிரிட்டிஷார் பருத்தி எலி என்னும் ஒருவகை எலியின் நுரையீரலில் கிருமியை வளர்த்து, அதைக் கொன்று, 1945இல் தடுப்பூசியாக்கித் தென்கிழக்காசியப் படைகளுக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு 1947இல் வெளிவந்தது. அந்த ஊசி யாரையும் காப்பாற்றவில்லை.

அமெரிக்க இராணுவத்தின் தடுப்பூசியும் இப்படியே தோற்றது. கிருமி பல வகைகளாக இருந்ததுதான் சிக்கல். நியூகினி நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது கார்ப் வகை. பர்மாப் பக்கம் எடுத்தது கில்லியம் வகை. ஜப்பானின் கட்டோ வகை பின்னாளில் சேர்ந்தது. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றை நிறுத்தவில்லை. ஸ்மேடலின் மேசையில் 1947இல் இருந்த கணக்கு இதுதான்.

அப்போதுதான் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து ஒரு புதிய மருந்து வந்தது. அதைத் தரும் நுண்ணுயிரை அந்த மண்ணிலிருந்து யேல் பல்கலைக்கழகத்தின் பால் பர்க்ஹோல்டர் பிரித்தெடுத்தார். மருந்துக்குப் பார்க்-டேவிஸ் நிறுவனம் குளோரோமைசிட்டின் என்று பெயரிட்டது. குளோரம்ஃபெனிகாலின் வணிகப் பெயர் அது. ஸ்மேடலும் எலிசபெத் ஜாக்சனும் ஆய்வகத்தில் சோதித்தபோது ரிக்கெட்சியாக் கிருமிகளை அது அடக்கியது. பென்சிலினால் முடியாத வேலை. ஆனால் எலியில் வேலை செய்ததெல்லாம் மனிதனிடம் வேலை செய்யாது. எங்கே போய்ப் பார்ப்பது? நோயும் இருக்க வேண்டும், அதைச் சரியாக அடையாளம் காணத் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்த இடம் கோலாலம்பூர்.

1948 மார்ச்சில் ஸ்மேடலும் அவருடைய குழுவும் வந்து இறங்கினார்கள். தியடோர் உட்வர்ட், ஹெர்பர்ட் லே ஆகிய மருத்துவர்களும், உண்ணி ஆய்வாளர்கள் கார்னீலியஸ் ஃபிலிப்பும் ராபர்ட் டிராப்பும் உடன் இருந்தார்கள். கழகத்தில் லூத்வைட்டும் சவூரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையை அமெரிக்க விமானத்தில் வந்த அற்புத மருந்து என்ற மாதிரி எழுதுபவர்கள் உண்டு. கழகத்தின் 20 ஆண்டு வேலை இல்லாவிட்டால் யாருக்கு மருந்து கொடுப்பது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

முதல் அறிக்கையில் 25 புதர்க் காய்ச்சல் நோயாளிகளின் கணக்கு இருக்கிறது. இரண்டு வாரம் நெருப்பாய்க் காயும் காய்ச்சல், மருந்து கொடுத்துச் சுமார் ஒன்றரை நாளில் இறங்கியது. 25 பேரும் பிழைத்தார்கள். லூத்வைட்டுக்கும் சவூருக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அத்தனை வருடம் இந்த நோயை அடையாளம் கண்டு, பெயர் வைத்து, பிறகு எதுவும் செய்ய முடியாமல் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதர்க் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே டைபாய்டு நோயும் கலந்திருந்தது. இரத்தச் சோதனை முடிவு வருவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுவரை டைபாய்டுக்கும் மருந்து கிடையாது. குழு உடனே டைபாய்டு நோயாளிகளைத் தேடி மருந்து கொடுத்தது. பத்துப் பேரின் கணக்கை அந்த ஆண்டே வெளியிட்டார்கள். வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் அடங்கியது. அந்த அறிக்கையில் உட்வர்ட், ஸ்மேடல், லே, கிரீன் ஆகியோரோடு மங்கிகர் என்ற பெயரும் இருக்கிறது. டைபாய்டை மருந்தால் குணமாக்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது நம் கோலாலம்பூரில்தான். என் வகுப்புத் திரையில் இருந்த அந்த ஒரு வரிக்கு இதுதான் பொருள்.

பலர் ஸ்மேடலின் மலாயாக் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் பெரிதாகப் படுகிறது. மருந்து கிடைத்த பிறகும் அவர் தடுப்பூசியை விடவில்லை.

நோய் மிகுந்த புல்வெளிகளில் தன்னார்வலர்களை இருக்க வைத்து, உண்ணி கடிக்கும்போதே மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிடும் வரை யாருக்கும் காய்ச்சல் இல்லை. நிறுத்திச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. அதாவது மருந்து கிருமியைக் கொல்லவில்லை, அமுக்கி மட்டும் வைத்திருந்தது. மருந்தை இடைவெளி விட்டுச் சுமார் நான்கு வாரம் நீட்டினால் பிறகு காய்ச்சல் வரவில்லை. அதற்குள் உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொண்டது.

வேறொருவர் என்றால் இதை மருந்தின் குறை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். ஸ்மேடல் இதிலேயே தடுப்பூசிக்கு வழி பார்த்தார். செத்த கிருமியால் செய்த ஊசிகள் எல்லாம் தோற்றுவிட்டன. அப்படியானால் உயிருள்ள கிருமியையே ஊசியில் போட்டுவிட்டு, நோய் தலைதூக்காதபடி மருந்தால் அமுக்கி வைத்துக்கொண்டு, உடம்புக்குக் கற்றுக்கொள்ள நேரம் கொடுத்தால் என்ன? கில்லியம் வகையை வைத்துத் தன்னார்வலர்களிடம் அதைச் செய்தார்கள். முடிவு 1952இல் வந்தது. அதே வகைக் கிருமி மறுபடி வந்தால் ஓர் ஆண்டுக்கு மேலும் பாதுகாப்பு இருந்தது. வேறு வகை வந்தால் பாதுகாப்பு அதிக நாள் நிற்கவில்லை.

பாதி வெற்றி என்று சொல்லலாம். ஆனால் ஒரு தோட்டத்திலேயே பல வகைக் கிருமிகள் இருக்கும்போது பாதி வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உயிருள்ள கொடிய கிருமியை ஊசியாகப் போட்டு, தவறாமல் மாத்திரை சாப்பிடு என்று தோட்டத் தொழிலாளியிடமோ சிப்பாயிடமோ சொல்லிவிட்டு வரவும் முடியாது. ஒருவர் மாத்திரையை மறந்தால் ஊசியே நோயாகிவிடும். அந்தத் தடுப்பூசி ஆய்வறிக்கையைத் தாண்டி வெளியே வரவில்லை. தன்னார்வலர்களைப் பற்றியும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவிடமும் லேசில் அனுமதி கிடைக்காது. நோய்க்கு மருந்து கையில் இருந்தது என்பது அன்றைக்கு அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த மருந்தின் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்தது. குளோரம்ஃபெனிகால் மிக அபூர்வமாகச் சிலருடைய எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்க வைத்தது. 1950களில் அமெரிக்காவில் சாதாரணச் சளிக்கெல்லாம் அதை அள்ளிக் கொடுத்ததால் சாகக்கூடாதவர்கள் செத்தார்கள். இன்று புதர்க் காய்ச்சலுக்கு முதலில் கொடுப்பது டாக்சிசைக்ளின்.

ஸ்மேடலின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொரியப் போரில் சிப்பாய்களைத் தாக்கிய இரத்தக் கசிவுக் காய்ச்சலை ஆராய்ந்தார். ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசிக்கு ஆலோசனை சொன்ன குழுவில் இருந்தார். அவரிடம் வேலை பார்த்த மாரிஸ் ஹில்மன் பின்னாளில் ஏராளமான தடுப்பூசிகளை உருவாக்கினார். இன்னொருவரான கார்ல்டன் காஜ்டுசெக் நியூகினிக்குப் போய்க் குரு என்ற விசித்திரமான மூளை நோயை ஆராய்ந்தபோது அவருக்குப் பின்னால் நின்றவர் ஸ்மேடல்தான். காஜ்டுசெக் 1976இல் நோபல் பரிசு பெற்றார். ஸ்மேடல் 1956இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தின் துணை இயக்குநர்களில் ஒருவரானார். பிறகு நிர்வாகத்தை விட்டு ஆய்வகத்துக்கே திரும்பினார்.

அங்கேதான் ஒரு கறையும் இருக்கிறது. அவருக்குக் கீழே பெர்னிஸ் எடி என்ற பெண் விஞ்ஞானி வேலை பார்த்தார். போலியோ தடுப்பூசி தயாரிக்கப் பயன்பட்ட குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது வெள்ளெலிகளுக்குக் கட்டியை உண்டாக்குகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஸ்மேடல் அதை ஒதுக்கித் தள்ளினார். 1960இல் எடி அதை ஒரு கூட்டத்தில் பேசியபோது கோபப்பட்டு, முன் அனுமதி இல்லாமல் வெளியே பேசக்கூடாது என்று தடை போட்டார். எடியின் ஆய்வக வசதியும் பறிபோனது. எடி சொன்னது சரிதான். அந்த ஏதோ ஒன்று பிறகு எஸ்.வி.40 என்ற வைரஸ் என்று தெரிந்தது. கோலாலம்பூரில் எதிர்பாராத ஒரு முடிவு வந்தபோது உடனே அதன் பின்னால் ஓடிய அதே மனிதர், பன்னிரண்டு ஆண்டு கழித்து இன்னொருவருடைய எதிர்பாராத முடிவைக் கேட்க மறுத்தார். தடுப்பூசி மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கலாம். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரியவில்லை.

ரிக்கெட்சியா நோய்களில் செய்த பணிக்காக 1962இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. மறு ஆண்டு ஜூலையில் காலமானார். வயது 56.

அவர் 1948இல் அழைத்து வந்த குழு ஊர் திரும்பிய பிறகும், அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்று கோலாலம்பூர்க் கழகத்திலேயே 1989 வரை இருந்து உள்ளூர் ஆய்வாளர்களோடு இந்த நோயைத் தொடர்ந்து பார்த்தது. பகாங்கின் மெந்தகாப் மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 1,629 பேரை ஆராய்ந்து 1984இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வந்திருந்தது புதர்க் காய்ச்சல். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் ஒராங் அஸ்லி கிராமங்களும் உள்ள ஊர் அது. மருந்து வந்து 36 ஆண்டு ஆகியிருந்தது.

1995இல் கிருமியின் பெயரை ஓரியென்ஷியா என்று மாற்றினார்கள். தடுப்பூசி இன்றுவரை வரவில்லை. புதிதாக முயல்பவர்களின் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். கார்ப், கில்லியம், கட்டோ என்று ஸ்மேடல் காலத்துப் பெயர்களே அவற்றில் இன்னும் வருகின்றன. ஒரு வகைக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மற்ற வகைகளுக்கும் எப்படி நீட்டுவது என்ற கேள்வியில்தான் இன்னும் நிற்கிறார்கள்.

மலையேறி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் டிங்கி என்று மட்டும் நினைத்துக்கொண்டு கிளினிக்குப் போகாதீர்கள். காட்டுக்குப் போன தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்பு வார், காலுறைப் பட்டை, அக்குள் ஆகிய இடங்களில் வலிக்காத கறுப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். செரோக் தொக்குன் போன ஐந்து பேருக்கும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அட்டை கடித்தவன் மட்டும் அன்று இரவே போட்டோ எடுத்து அனுப்பி, இதுவா அது என்று கேட்டான். கொசுக்கடி.